மைக்ரான் சார் அளந்த வேகம்

ஓசூர் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும், எதையும் அளக்காமல் நம்பாத மனிதர் எங்கள் மைக்ரான் சார் ஒருவர்தான். கல்யாணப் பந்தியில் அப்பளத்தின் விட்டத்தை வெர்னியர் வைத்துப் பார்த்தவர். கம்பெனியில் அவர் தரக்கட்டுப்பாடு, நான் டெஸ்பாட்ச். நான் லாரியில் ஏற்றும் பெட்டியை, தேறவில்லை என்று சிவப்பு அட்டை கட்டி இறக்குவார். பன்னிரண்டு வருஷமாக எங்கள் நட்பு இப்படித்தான் வளர்ந்தது.

ஞாயிறுதோறும் ஜூஜுவாடியில் ஒரு ஷெட்டில் இருவரும் ஏர் ரைபிள் சுடுவோம். எனக்கு அது பொழுதுபோக்கு. ஐம்பத்தெட்டு வயதான அவருக்கோ, மாவட்ட அணியில் ஒருமுறையாவது இடம்பிடித்துவிட வேண்டும். அடுத்த மாதம் தேர்வு. புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. குண்டு ஒரே வேகத்தில் போகவில்லை, துப்பாக்கியில்தான் கோளாறு என்று முடிவுகட்டினார். அதை நிரூபிக்க, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்குவது?

குழப்பம் அங்கே ஆரம்பித்தது. ஒன்று, மேலே பறக்கும் குண்டின் நிழலை வைத்துக் கணக்குப் போடும். இன்னொன்று குழல் நுனியில் மாட்டுவது. மூன்றாவது ரேடார். மூன்றையும் இரவல் வாங்கி வந்தார். மூன்றும் மூன்று வேகம் காட்டின. டியூப் லைட் வெளிச்சத்தில் முதலாவது, ஒரு குண்டை ராக்கெட் வேகத்தில் அனுப்பியது. அடுத்த குண்டு புறப்படவே இல்லை என்றது. ஜன்னல் பக்கம் நகர்த்தினால் வேறு கதை. எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்று எனக்குத் தலை சுற்றியது. அவருக்கும்தான். கம்பெனி வழக்கப்படி மூன்று கருவியிலும் சிவப்பு அட்டை கட்டினார். பிறகு துப்பாக்கியிலும் கட்டினார். ‘பிட்பிடி சார்’, விட்டுவிடுங்கள் என்று ஷெட்டின் பயிற்சியாளர் கன்னடத்தில் கெஞ்சியும் கேட்கவில்லை.

தேர்வு நாளில் பெயரைக் கூப்பிட்டார்கள். அட்டை தொங்கும் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அட்டை கட்டிய பொருளை யாரும் பயன்படுத்தக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். டெஸ்பாட்ச் ஆளுக்கு விடுவிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் அட்டையில் கையெழுத்துப் போட்டு அறுத்தெறிந்தேன்.

“போய்ச் சுடுங்க சார். வர்றத நான் பாத்துக்கறேன்.”

போய்ச் சுட்டார். இரண்டு புள்ளியில் வாய்ப்பு போனது.

வெளியே டீக்கடையில், மூன்றில் எது சார் சரி என்று கேட்டேன்.

“மூணும் சரிதாம்பா. வேற வேற நம்பர் காட்டுச்சே தவிர, ஜன்னல் பக்கம் வச்சப்புறம் ஒவ்வொண்ணும் எல்லா குண்டுக்கும் அதே நம்பரத்தான் காட்டுச்சு. துப்பாக்கி மேல தப்பில்ல. கைதான் ஒரு வருசமா நடுங்குது. ஒரு மெஷினாவது துப்பாக்கி மேல பழி போடாதானு பாத்தேன்.”

அவர் டம்ளரில் டீ தளும்பிக்கொண்டிருந்தது. இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஞாயிறும் அவர் வர வேண்டும் என்று இருந்தது.