பென்டிரைவில் ஏறாத பாட்டுகள்

"ஒரு பாட்டுகூடப் பாடலீங்க, பழனி" என்று பென்டிரைவை மேசைமேல் வைத்தார் இளஞ்செழியன். "நேத்து ஒரு மூட்டை சிடிய ஏத்தி முடிச்சிட்டோம்னீங்க. டிவியில சொருவுனா ஒண்ணுமே இல்லங்குது."

கடையின் சுழல் நாற்காலியில் இருந்த பழனி அதை வாங்கி, டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"டிவி பழசா சார்?"

"புதுசுங்க."

"அதான். புதுசுக்குக் கொஞ்சம் திமிரு ஜாஸ்தி. நாளைக்கி வாங்க, இதுக்கு ஒரு வழி இருக்குது."

நாளைக்கு வருவதில் இளஞ்செழியனுக்கு ஒரு சிரமமும் இல்லை. ரிஷிவந்தியம் யூனியன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் வேண்டிய மட்டும் இருந்தவை இரண்டே: நாளைகள், சிடிகள். சிடி மட்டும் நாலு மூட்டை. சம்பளம் வாங்கிய நாளெல்லாம் ஒன்றிரண்டு வாங்கி, கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் அடுக்கிச் சேர்த்தவை. மனைவி இருந்தவரை, "ஒண்ணு இதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று திட்டிக்கொண்டே தூசி தட்டுவாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் போய்விட்டாள். சிடிகள் இருந்தன.

வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி உண்டு. செய்தி வாசிப்பவர் "வணக்கம்" சொன்னால் பதில் வணக்கம் சொல்லும் அளவுக்கு இளஞ்செழியன் முன்னேறியிருந்தார். ஒரு ஆளுக்குச் சாம்பார் வைக்கும் கணக்கு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்தது வியாழன் வரை கூடவே குடித்தனம் நடத்தியது.

ஓசூரில் வேலை பார்க்கும் மகன் தமிழரசன் போன வருடமே கூப்பிட்டுவிட்டான். "வந்துடுங்கப்பா. ஆனா ரெண்டு ரூமு வூடு. அந்த மூட்டைங்கள மட்டும் கொண்டாராதீங்க. எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல ஏத்திக்கினு வாங்க, போதும்."

அன்றுதான் முதல் மூட்டையோடு கச்சிராயபாளையம் சாலையில் இருந்த இந்த ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். காலையில் பட்டா, சிட்டா நகல் எடுக்கும் கூட்டம் தள்ளும் என்பதால் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். பழனி மட்டும் இருந்தார்.

"இதுல இருக்கற பாட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தருவீங்களா?"

பழனி மூட்டையைப் பார்த்தார். ஆளில்லாத ரோட்டைப் பார்த்தார். "ஏன் தர மாட்டோம்? குந்துங்க சார்" என்றார்.

பாடாத பென்டிரைவைக் கொடுத்ததற்கு மறுநாள் பழனி விளக்கத்தோடு தயாராக இருந்தார்.

"சார், அன்னிக்கி நாம ஏத்துனது பாட்டே இல்லியாம். பாட்டு எங்க இருக்குதுன்னு காட்டுற போர்டாம். அட்ரஸ மட்டும் எழுதிக்கினு வந்துட்டு வூட்ட வுட்டுட்டோம்."

"இப்ப?"

"மொதல்ல இருந்து போடலாம்."

போட்டார்கள். ஒரு சிடி உள்ளே போய்ச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு டீ, கொஞ்சம் ஊர்க்கதை. ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு சிடிப் பாட்டுதான் இருந்தது.

"மத்ததெல்லாம் எங்கீங்க?"

பழனி தலையைச் சொறிந்தார். "எல்லா சிடியும் 'டிராக் ஒண்ணு, டிராக் ரெண்டு'ன்னே வந்துச்சி சார். ஒவ்வொரு தபாவும், 'இதே பேருல ஒண்ணு இருக்குது, அதும்மேலயே போடட்டுமா'ன்னு கேட்டுச்சி. மரியாதையாக் கேக்குதேன்னு 'சரி' குடுத்துக்கினே வந்தேன்."

மிஞ்சியது கடைசியாகப் போட்ட கல்யாண நாதஸ்வரம். அன்று சாயங்காலம் யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்து இளஞ்செழியன் மூன்று முறை கெட்டிமேளம் கேட்டார். மூன்றாவது முறை, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், கையில் இருந்த பொரியைக் காற்றில் அட்சதையாகத் தூவினார். பிறகு அவரே பெருக்கினார்.

அடுத்த முறை பேர் குழப்பம் வரக்கூடாது என்று பழனி இன்டர்நெட்டையே பேர் வைக்கச் சொன்னார். அது ஆடி மாதத்து அம்மன் பாட்டுக்கெல்லாம் வாயில் நுழையாத பேர் வைத்து, பக்கத்தில் பீப்பாய் போன்ற குழலை ஊதும் வெள்ளைக்காரன் படத்தையும் ஒட்டிவைத்தது.

"அம்மன் கோவிச்சுக்கப் போறா பழனி."

"உடுங்க சார். அவளும் நாலு எடம் பாக்கட்டும்."

அந்தப் பேர்களை ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்ததில் சித்திரை போய் ஆனி வந்தது. இதற்குள் இளஞ்செழியன் இரண்டு மணிக்காகச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். டிபன் பாக்ஸும் இரண்டாகிவிட்டது. சாம்பார் செவ்வாய்க்கிழமையே தீர்ந்தது.

பாட்டுகளைப் பிரித்து வைப்பதில் பழனிக்குத் தனி வழி. 'மலை ஏறும்போது' என்று ஒன்று, 'மலை எறங்கும்போது' என்று ஒன்று, 'உளுந்தூர்பேட்டை தாண்டினா' என்று ஒன்று.

"எறங்கும்போது ஏங்க சோகப் பாட்டா வெச்சிருக்கீங்க?"

"குத்துப் பாட்டுப் போட்டா பிரேக்கு ஞாபகம் வராது சார்."

இளஞ்செழியன் வாய்விட்டுச் சிரித்தார். வேலையில் இருந்தபோது வெள்ளிமலைக்குக் கேம்ப் போன பஸ்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பாட்டெல்லாம், யாரும் சொல்லாமலே சரியான வளைவில் போய் உட்கார்ந்திருந்தது. கடைசி சிடியும் ஏறியது.

"முடிஞ்ச மாதிரிதான் பழனி. பையன் நேத்துகூடக் கேட்டான். ரெண்டு மூணு நாள்ல கெளம்பிடுவேன்."

"வூடு?"

"பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். இந்த ஊர்ல நான் இல்லன்னா யாருக்குங்க தெரியப்போவுது? கேபிள்காரருக்குத் தெரியும். அவரும் மாசம் ஒரு தடவைதான்."

பழனியின் விரல் கீபோர்டில் எங்கேயோ போய் அழுந்தியது. மலை ஏறியது, இறங்கியது, உளுந்தூர்பேட்டை தாண்டியது எல்லாம் கலைந்து ஒரே குவியலாகக் கொட்டியது.

"ஐயய்யோ! எதுவோ அமுங்கிடிச்சி சார்."

இளஞ்செழியனுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோபம் வந்தது. "ஏழு மாசமாச்சுங்க! கடை வெச்சிருக்கறவருக்கு இதுகூடவா தெரியாது? எனக்கு அந்த வூட்ல செவுத்தப் பாத்துப் பாத்துப் பைத்தியம் புடிக்குது. பையங்கிட்டப் போயாவது சேந்துடலாம்னு பாக்கறேன், வுட மாட்டேங்கறீங்களே!"

பழனி தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு நாளு குடுங்க சார். சரியாக்கி வெச்சிர்றேன்."

இரண்டு நாளும் இளஞ்செழியன் கடைக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கு இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். சாம்பார் மிஞ்சியது.

மூன்றாம் நாள், ஓசூர் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு, காலையிலேயே கடைக்குப் போனார். சுழல் நாற்காலியில் கலையரசி என்று பேர் தைத்த கைப்பையை மாட்டிவிட்டு ஒரு பெண் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்காரர் பழனி இல்லீங்களா?"

"கட என்னுதுங்க. பழனிண்ணன் எங்க வூட்டு மாடியில ஒண்டியா குடியிருக்கறவரு. மத்தியானம் நான் சாப்புடப் போறப்ப வந்து கடையில குந்திக்குவாரு. நீங்கதான் அந்தப் பாட்டு சாரா?"

இளஞ்செழியன் பையைக் கீழே வைத்தார். "அப்ப அவரு கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்லியா?"

"அவரா! முப்பது வருசம் லாரி ஓட்டுனவரு சார். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணச் சொன்னா பிளக்கப் புடுங்குவாரு. தெனம் சாயங்காலம் எங்கிட்ட ஒண்ணொண்ணாக் கேட்டுக்கினு போவாரு." அவள் மேசையைத் திறந்து பென்டிரைவை நீட்டினாள். "எல்லாத்தையும் முந்தாநேத்து நானே ஒழுங்கா அடுக்கிட்டேன், எடுத்துக்கினு சீக்கிரம் கெளம்புங்க சார். இன்னிக்கிக் காத்தால கடையத் தெறக்கறதுக்குள்ள வந்து நின்னுக்கினு, 'சரியாப் போன பாட்ட மறுபடியும் கலைக்கறதுக்கு எதம்மா அமுக்கணும்'னு கேக்குறாரு."