பார்வோனைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கதை

மைக் ‘கீஈஈ’ என்று அலறும்போதெல்லாம் எனக்கு எகிப்து ஞாபகம் வரும். மற்றவர்களுக்குக் காது கூசும். எனக்கு முதுகு வேர்க்கும், கேமரன் மலைக் குளிரிலும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றி முடிக்கும்வரை கைப்பேசியில் எகிப்துதான். பிரமிடு, பாப்பிரஸ், கல்வெட்டு. ஆறே மாதத்தில், எகிப்து ராஜா பார்வோனே வந்து சந்தேகம் கேட்டாலும் தீர்த்துவைக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். (அவர் வரவில்லை. நான்தான் இழுத்து வந்தேன்.)

அந்த வருடம் சபை ஆண்டு விழாவில் பட்டிமன்றம். ‘பழைய எகிப்து எழுத்துகள் வேதாகம வரலாற்றுக்கு ஆதாரமா, இல்லையா?’ நடுவர் ஞானமுத்து கிராணி. தேயிலைத் தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதித் தேய்ந்த விரல்கள். அவர் மகள் எஸ்தரைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவளுக்கும் சம்மதம்தான். “எங்கப்பா உங்கள நம்பணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றாள். பண்ணினேன். ‘ஆதாரமே’ அணிக்கு ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தேன்.

எதிரணியில் பேசவேண்டிய வாத்தியாருக்கு அன்று காய்ச்சல். அவருக்குப் பதிலாக மேடையேறியவள் எஸ்தர்.

நான் அசரவில்லை. தானா ராத்தா டவுனில் ஆள் உயரத்துக்கு அச்சடித்து வந்த பேனரை விரித்தேன். அதில் கறுப்பாக ஒரு கல், மூவாயிரம் வருடத்துக் கல். “வேதாகமத்துக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் வரும் மிகப் பழைய சாட்சி! பார்வோன் வாயாலேயே!” கைதட்டலில், ஜன்னல் வழியே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மூடுபனிகூட எழுந்து நின்றது.

எஸ்தர் மெதுவாக நடந்து வந்து, பேனரின் அடியில் இருந்த பொடி எழுத்தில் விரல் வைத்தாள். இணையத்திலிருந்து படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த மொழிபெயர்ப்பு அது. நான் படித்ததே இல்லை.

“முழு வரியையும் வாசிங்க, எதிரணித் தலைவரே.”

வாசித்தேன். இஸ்ரவேலை அழித்துவிட்டேன், அதற்கு வித்துகூட மிச்சமில்லை என்று ராஜா பீற்றிக்கொண்டிருந்தார்.

“இஸ்ரவேலர் எகிப்த விட்டுக் கெளம்பி வந்தத பத்தி ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல…”

“வித்தே இல்லன்னா அப்புறம் இஸ்ரவேல ஆண்ட தாவீது எங்கேருந்து வந்தாரு?”

“அது வந்து… ராஜா பொய் சொல்றாரு!”

“ஓ! அப்ப நீங்க கூட்டியாந்தது பொய்ச்சாட்சியா?”

சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. பதில் சொல்ல மைக்கை இழுத்தேன். அது ‘கீஈஈ’ என்று எனக்கு முன்பாகவே அழுதது.

கிராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒரு தடவ தோட்டத்து மேல் லயத்து வீடுகள்ல பதினாறு குடும்பம் சொல்லாம கொள்ளாம சிங்கப்பூருக்குப் போயிருச்சி. தொரைக்கு நான் என்னா எழுதுனேன்? ‘மழை அதிகம், கொழுந்து குறைவு.’ ஆளுங்க ஓடிப்போனத எந்த ஆபீசும் எழுதாது. பார்வோனோடதும் ஆபீசுதானே லா! அதனால, எழுதலங்கறதுக்காக நடக்கலன்னு ஆயிராது. எழுதிட்டாங்கறதுக்காக அப்படியே நடந்துச்சின்னும் ஆயிராது. கேசு முடிவாகாமயே நிக்கட்டும். ஆனா இந்தத் தம்பி, சாட்சிய கூப்புடுறதுக்கு முன்ன சாட்சிகிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கணும்.”

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், பத்து வயது மகள் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “முழு வரியையும் வாசிங்கப்பா” என்பாள். மின் கட்டண அறிவிப்புக்கும் இதுதான், மாத்திரை டப்பாவுக்கும் இதுதான்.

அன்று சுருட்டிய பேனரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூறலில் லோரியை நோக்கி நடந்தேன். பெண் கேட்கும் தைரியம் முழுவதும் மேடையிலேயே செத்திருந்தது. பின்னால் குடையோடு ஓடி வந்தாள் எஸ்தர்.

“கோவமா?”

“உங்கப்பா இனிமே என்னை நம்புவாரா?”

“ராஜா பொய் சொல்றாருன்னு அத்தன பேரு முன்னால ஒத்துக்கிட்டீங்களே, அது அவருக்குப் புடிச்சிருச்சாம். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொன்னாரு.” குடையை என் கையில் திணித்தாள். “பேச வேண்டியத எழுதிக்கிட்டு வாங்க. ஆனா, வர்றதுக்கு முன்ன அடி வரைக்கும் படிச்சிருங்க.”