மீதி சாரின் வகுபடாத எண்

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் போகாமல் தப்பித்தவர்கள் உண்டு. மீதி சாரிடம் சிக்காமல் தப்பித்தவர் எழுபதுகளில் ஒருவரும் கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. எந்த எண் கண்ணில் பட்டாலும் வகுத்து மீதியைச் சொல்லிவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில், காபி நீட்டிய பெண்ணிடம், “உங்க வீட்டு நம்பர் தொண்ணூத்தியொண்ணு, பதிமூணால வகுபடும்ங்க” என்றாராம். காபியோடு சரி.

ஒருநாள் 2, 3, 5, 7, 11, 13, 17, 19 எல்லாவற்றையும் பெருக்கி, கூட ஒன்றைச் சேர்த்தார். 96,99,691 வந்தது. அந்த எட்டில் எதால் வகுத்தாலும் மீதி ஒன்று.

“எவனாலயும் இத வகுக்க முடியாதுய்யா!”

“பெரிய நம்பர் எதாலயாவது வகுபட்டா சார்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். எட்டு மாதம், ஒவ்வொன்றையும் பத்துத் தடவை சரிபார்த்து, நோட்டு நோட்டாக வகுத்தார். பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதுமாம். 337 வரை வந்தும் மீதி விழுந்துகொண்டே இருந்தது. “போதும், இதுவே ஜாஸ்தி” என்று, செங்கம் சாலையில் தன் வீட்டுச் சுவரில் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினார். கீழே சவால்: ‘வகுத்துக் காட்டினால், பின்பக்கமாக நடந்தே மலையைச் சுற்றுவேன்.’

பக்கத்தில் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் மௌன விரதத்தில் இருந்தார். கழுத்தில் ஸ்லேட்டு தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டி, ஸ்லேட்டைக் காட்டினார். 347 என்று எழுதியிருந்தது.

சார் வகுத்தார். ஈவு 27,953. மீதி பூஜ்யம். மூன்று முறை போட்டும் பூஜ்யம்தான். 337-க்கு அடுத்த பகா எண்ணே 347.

“இன்னும் ஒரே ஒரு தரம் வகுத்திருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேனேய்யா! இவனத் திட்டலாம்னா பதில் பேச மாட்டேங்கறான்!”

அந்த வெள்ளைக்காரரே கைகூப்பி, நடக்க வேண்டாம் என்று தலையாட்டினார். சார் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபடி நான் நடந்தேன்.

“பின்னாடி மாட்டு வண்டி சார்! ரைட்ல வாங்க!”

இது ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்து ஒரு அம்மாள் அவர் காலில் விழுந்தாள். சார் வயதைக் கேட்டார்.

“அறுவத்தேழு சாமி.”

“அறுவத்தேழா? எதாலயும் வகுபடாதும்மா. நல்லா இருப்பீங்க!”

பாதி வழியில் அடி அண்ணாமலை வருவதற்குள் கணுக்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இங்க நம்மளத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல சார். திரும்பி நேரா நடந்துடுங்க. யாரு பாக்கறாங்க?”

“நீ பாக்கறியேய்யா.”

ஓடிப்போய், அவர் குதிகாலுக்குப் பின்னால் கிடந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன்.