அச்சுப்பொறிக்கு ட்ரிப் ஷீட் பார்த்த டைம்கீப்பர்

ஒரு பொருள் பழுதாகிவிட்டால், அதைக் கடைசியாகத் தொட்டவரே அதைக் கெடுத்தவர் என்று நாம் ஏன் இவ்வளவு எளிதாக முடிவு செய்துவிடுகிறோம்? சமூகவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, குடிமைப் பொறுப்பு பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய எனக்கு இந்தக் கேள்வி தோன்ற, வீட்டு அச்சுப்பொறி ஒன்று நின்றுபோக வேண்டியிருந்தது. அதை விசாரிக்க எதிர்வீட்டு டைம்கீப்பர் வரவும் வேண்டியிருந்தது.

மதுரையில் நேரத்தை அவரளவுக்கு மதித்த இன்னொருவர் பிறந்திருக்க வாய்ப்பில்லை. பிறந்திருந்தாலும் சற்றுத் தாமதமாகத்தான் பிறந்திருப்பார். வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், மாட்டுத்தாவணியில் தனியார் பேருந்துகள் வந்துபோகும் நேரத்தை ‘ட்ரிப் ஷீட்’ என்ற தாளில் குறித்து, விசில் ஊதி வண்டிகளைக் கிளப்பிவிடும் பணியில் இருந்தார். அவருடைய இயற்பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டுமே தெரியும். இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டியிருப்பார்.

"எதுக்குண்ணே ரெண்டு?" என்று கேட்டால், "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுத்துரும்ல தம்பி" என்பார்.

எங்கள் தெருவில் நடந்த ஒரு திருமணத்தில், முகூர்த்தம் முடிய நான்கு நிமிடமே இருந்தும் ஐயர் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாத டைம்கீப்பர் முன்வரிசையிலிருந்து விசிலை ஊதிவிட்டார். பதறிப்போன மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். கெட்டிமேளம் அதற்குப் பிறகுதான் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. பெண்வீட்டார் சண்டைக்கு வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "வண்டி கெளம்பிருச்சுல்ல? அப்புறம் என்ன?"

எங்கள் வீட்டுக் காப்பிக்கும் அவர் கணக்கு வைத்திருந்தார். "அக்கா, போன தடவ ஏழு நிமிசம். இந்தத் தடவ பதினொண்ணு. பால் லேட்டா, அடுப்பு லேட்டா?"

"நாளையில இருந்து அந்த சர்வீசே ரத்து தம்பி" என்றார் என் அம்மா.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. எங்கள் தெருவில் கணினி இருந்த ஒரே வீடு எங்களுடையது. அது தெருவுக்கும் பயன்பட வேண்டும் என்பது என் கொள்கை. நான்கு வீடு தள்ளியிருந்த சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் சரோஜா, தட்டச்சில் தேர்ச்சி பெற்றவர், பிற்பகல்களில் வந்து குடியிருப்போர் சங்கத்தின் மனுக்களை அடித்துக் கொடுப்பார். அவருடைய வேகத்தைப் பார்த்த இரண்டு வீட்டார், தங்கள் பிள்ளைகளின் கல்லூரி ஆய்வறிக்கைகளை அவரிடமே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நெசவுக்கூலியில் நடந்த அவர் வீட்டுக்கு அது பெரிய நம்பிக்கை. யார் என்ன செய்தார் என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்று, கணினியில் அவருக்கு ஒரு பெயரும் எனக்கு ஒரு பெயருமாகத் தனித்தனியே பிரித்து வைத்திருந்தேன். பொறுப்புணர்வு!

அந்த ஆண்டு நவராத்திரி முடிந்து மூன்றாம் நாள், சரோஜா தெருவிளக்கு மனுவை அச்சிட முயன்றார். அச்சுப்பொறி அசையவில்லை. தாள் இருந்தும் தாள் இல்லை என்றது. மாலையில் நான் வந்து, கணினி தானாக எழுதி வைக்கும் பிழைப் பதிவைத் திறந்தேன். மேலிருந்து ஒன்பது வரிகள். ஒன்பதிலும் சரோஜாவின் பெயர். அதற்குக் கீழே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழை சிறியதாக இருந்திருக்கும். சங்கத்தார் கூடும் தையல் கடையில், மனு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். "சரோஜா கைபட்ட பிறகுதான் மிஷின் நின்னுபோச்சு, மிஷினே எழுதி வச்சிருக்கு" என்றேன். ஒரு வாக்கியம்தான். மறுநாள் காலைக்குள் அது தெருவின் இரு முனைகளையும் தொட்டுவிட்டது. ஆய்வறிக்கை தருவதாகச் சொன்ன இரண்டு வீட்டாரும் பின்வாங்கினார்கள். சரோஜா வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டைம்கீப்பர் வந்தார், இல்லை, நுழைந்தார். பின்னால் சரோஜா, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டார்.

"அந்தப் பிள்ள என்ன செஞ்சுச்சுன்னு மிஷின்ல எழுதியிருக்காம்ல. காட்டுங்க தம்பி."

மவுசை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதுகூட அறியாத மனிதர் அவர். பிழைப் பதிவைத் திறந்து காட்டினேன். தேதி, மணி, நிமிடம், பெயர் என்று வரிவரியாக இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் திருவிழாக் கண்ட முகமாயிற்று.

"அட, இது நம்ம ட்ரிப் ஷீட்டுல்ல! கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு இம்புட்டு நாளா என்னைய ஏமாத்திட்டீங்களே!"

நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "மேல இருக்குறது எல்லாம் கடைசி வண்டி தம்பி. பைபாஸ்ல ஒன்பது வண்டி வரிசையா நின்னா, கடைசி டிரைவரப் போயா அடிப்பீங்க? மொத வண்டி எங்க நின்னுச்சு? கீழ போங்க."

கீழே போனேன். பத்தாவதாக ஒரு வரி இருந்தது. அவர் இரண்டு கடிகாரங்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்; எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு பேருந்துப் பலகை படிக்கும் குரலில் எழுத்துக் கூட்டினார்.

"விஜயதசமி அன்னைக்கு. காலை ஆறு நாப்பத்தெட்டு. வண்டிப் பேரு... பிள்ளையாரு. டிரைவரு..." நிறுத்தினார். "டிரைவரு நீங்கதான் தம்பி."

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜையில் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்ததுபோல அச்சுப்பொறிக்கும் வைத்தேன். மறுநாள் நல்ல தொடக்கமாக இருக்கட்டுமே என்று, ஒரு தாள் முழுவதும் பெரிதாகப் பிள்ளையார் சுழி ஒன்றை அச்சுக்குக் கொடுத்தேன். அது வரவில்லை. கீழக்குயில்குடியில் ஒரு மருத்துவ முகாமுக்கு உதவப் புறப்படும் அவசரத்தில், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். சமூக சேவையில் அதை மறந்தும் போனேன்.

மூடியைத் திறந்தோம். தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் சிறு நெம்புகோல் ஒன்று உள்ளே உண்டு. அதன்மேல் என் சந்தனம் வழிந்து காய்ந்து, அதை அசையவிடாமல் ஒட்டிவைத்திருந்தது.

"இம்புட்டா அப்புறது? என்னமோ சாமிக்குக் காப்புச் சாத்துன மாதிரி!" என்றார் அம்மா.

காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தேன். நெம்புகோல் ஆடியது. டைம்கீப்பர் எழுந்து நின்று, வீடு அதிர விசிலை ஊதினார்.

அச்சுப்பொறி உறுமிக்கொண்டு கிளம்பியது. முதலில் வந்தது ஆளுயரக் கம்பீரத்தோடு ஒரு பிள்ளையார் சுழி. விக்கினங்களைத் தீர்க்க அழைக்கப்பட்டவர், ஐந்து நாள்களாக வரிசையின் தலையில் அமர்ந்து யாரையும் போகவிடாமல் இருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், ஒன்றன்பின் ஒன்றாக, தெருவிளக்கு மனு ஒன்பது பிரதிகள். சரோஜா விடாமல் முயன்ற ஒன்பது முறைகளும் தாளாக வந்து விழுந்தன.

சரோஜா வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அடுத்த வருசம் பொட்டு வைக்கிறப்ப என்னையக் கூப்பிடுங்க. எங்க வைக்கக் கூடாதுன்னு காட்டுறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உள்ளே வரவில்லை, திரும்பிப் போய்விட்டார்.

"மன்னிப்புக் கேட்க அவங்க வீட்டுக்குப் போறேன்ணே" என்றேன்.

"போங்க. அதுக்கு முன்னாடி தையல் கடைக்குப் போங்க. அங்க சொன்னத அங்கதான எறக்கணும்? சாயங்காலம் அவங்க கூடுறப்ப நானும் வாரேன்."

வந்தார். அன்று மாலை கூடிய சங்கத்தார் முன்னிலையில், அச்சுப்பொறியை நிறுத்தியது நானே என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் டைம்கீப்பர் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து, "ஆறு பத்து, தம்பி சொல்லிட்டாரு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். இப்படியொரு வெட்கத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்ட மனிதரை அன்று எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே போய்ச் சரோஜாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். நான்கு நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். பின்வாங்கிய இரண்டு வீட்டாரில் ஒருவர் ஆய்வறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் கடைசிவரை தரவில்லை. என் முதல் வாக்கியத்தை நம்பியவர்கள் எல்லோரும் இரண்டாவதையும் நம்பிவிடவில்லை என்பதை அந்த ஒரு வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு டைம்கீப்பர் வாடிப்பட்டிக்கே போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அச்சுப்பொறிக்குச் சந்தனம் மூடியின்மேல் மட்டுமே; எது பழுதானாலும் பதிவை நான் அடிவரியிலிருந்து படிக்கிறேன்; படித்து முடிக்கும்வரை எவர் பெயரையும் சொல்வதில்லை. அவரைப் பார்க்கப் போகும் நாள்களில், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறேன். அதற்கும் முன்னதாகவே அவர் வாசலுக்கு வந்து, இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கிறார்.