ஐஸ் பெட்டிக்குள் போன அக்காவின் கம்ப்யூட்டர்

வீட்டில் மெதுவாக ஓடும் கம்ப்யூட்டர் இருப்பதில் ஆபத்து ஒன்றுமில்லை. அதை வேகமாக ஓட்டத் தெரிந்தவன் ஒருவன் அதே வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். டிப்ளமா முடித்தும் வேலை என்னைத் தேடி வராததால் (நானும் அதைத் தேடிப் போகவில்லை), பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்ற பட்டத்தோடு திரிந்துகொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் என்னுடையது அல்ல, தேவி அக்காவுடையது. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டு சேர்த்துக் கொடுக்கும் தொழிலை அவள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். அவள் வயதுப் பெண்கள் பலர் வேலைக்குப் போக விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் நைனாவிடம் (எங்கள் அப்பா) அவகாசம் கேட்டிருந்தாள்.

"மொத ஆர்டர் வந்துருக்கு நைனா. இது சரியா போச்சுன்னா இதான் என் தொழில். இல்லன்னா வாய மூடிக்கினு வேன்ல ஏறிடறேன்."

அந்த முதல் ஆர்டர் மீஞ்சூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் நிச்சயதார்த்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரவேற்பில் பெரிய திரையில் போட வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வெட்டி ஒட்டும் வேலையை முடித்து, எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக்கும் எக்ஸ்போர்ட்டில் போட்டாள். ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். மண்டபத்துத் திரையைப் பார்த்துவிட்டு வர அவள் மீஞ்சூருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"கை வெக்காத. அது பாட்டுக்கு ஓடும்."

"நான் இன்னாக்கா பண்ணப்போறேன்?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் முழுதாக ஒரு நாள் கையில் இருந்தது. யாரும் என்னிடம் உதவி கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஓவர்க்ளாக் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை, தயாரித்த கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று பல நாள் படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முக்கியமான கோப்புகளை முதலில் நகல் எடு. வேகத்தை ஒரு படி மட்டும் ஏற்று. சோதித்துப் பார். சூட்டைக் கவனி. எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் மரியாதையாகக் கீழே இறங்கு. 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

பதினேழு சதவீதம் முடிந்திருந்த எக்ஸ்போர்ட்டை நிறுத்தினேன். (நகல் எடுப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன்.) படிப்படியாக வேகத்தை ஏற்றினேன். ஒவ்வொரு படியிலும் சோதனை, நோட்டில் குறிப்பு. ஆபரேஷன் செய்யும் டாக்டருக்குக்கூட அவ்வளவு முகத் தீவிரம் இருக்காது. நான்காவது படியில் எக்ஸ்போர்ட் ஐந்து மணி நேரம் என்று காட்டியது. சூடு தொண்ணூற்று இரண்டு என்றும் காட்டியது.

இறங்கியிருக்க வேண்டும். ஒன்பது ஐந்தாகிவிட்ட கம்ப்யூட்டரைத் திரும்ப ஆறாக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் நைனாவின் ஐஸ் பெட்டி கண்ணில் பட்டது.

காற்று பலமாக இருந்ததால் நைனா அன்று கடலுக்குப் போகவில்லை. இறாலுக்காக வாங்கிய ஐஸ் பெட்டியில் அப்படியே கிடந்தது. மற்ற ஊரில் ஒருவனுக்குச் சூடு என்றால் ஃபேன் ஞாபகம் வரும். குப்பத்தில் பிறந்தவனுக்கு ஐஸ்தான் ஞாபகம் வரும். மீனைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டரைக் காப்பாற்றாதா?

இதையும் பாதுகாப்பாகவே செய்தேன். ஐஸை பாலிதீன் பைகளில் கட்டி அடியில் பரப்பினேன். மேலே இரண்டு பலகை. பலகை மேல் கம்ப்யூட்டரின் கேபினட், பக்கவாட்டு மூடி கழற்றப்பட்ட நிலையில். ஒயர்கள் வெளியே வர ஒரு சந்து விட்டுப் பெட்டியை மூடி, எக்ஸ்போர்ட்டை மறுபடி ஓட விட்டேன். சூடு ஐம்பத்தெட்டுக்கு வந்தது. கைதட்ட ஆளில்லையே என்று வருத்தமாக இருந்தது.

மூன்று மணிக்கு அக்கா வந்தாள். பின்னாலேயே ஐஸைத் தேடிக்கொண்டு நைனாவும் வந்தார்.

"கம்ப்யூட்டர் எங்கடா?"

"எண்பது பர்சன்ட் முடிஞ்சிட்ச்சுக்கா. இங்க பாரு" என்று பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன்.

கடற்காற்று வெதுவெதுவென்று உள்ளே புகுந்தது. என் கண் முன்னாலேயே கேபினட் தகடு வெளுத்தது. பிறகு முத்து முத்தாக நீர் கட்டியது. உள்ளே போர்டின் மேல் ஒரு சொட்டு ஓடியதைப் பார்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. மானிட்டர் இருண்டுபோனது.

நைனா பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஜில்லுனு இருக்கறது காத்து பட்டா வேர்க்கும்டா. பொறந்ததுலருந்து ஐஸ் பெட்டி தொறக்கறியே, இது கூடவா தெரியாது?"

தெரியும். அன்றைக்குத்தான் தெரியவில்லை.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பொண்ணு வூட்டுல இன்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது என்னையா, தன்னையா என்று தெரியவில்லை. ரிப்பேர் கடைக்குப் போன் செய்தால் திங்கட்கிழமை கொண்டு வா என்றார்கள். மறுநாள் ஞாயிறு, மீஞ்சூரில் கடைகள் எல்லாம் பூட்டு. மண்டபத்தின் பெரிய திரை அன்று சாயங்காலம் வெள்ளையாகவே நின்றது. அக்கா தானே போய்ப் பெண்ணின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். என் பெயரை அங்கே சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்குள் அவள் கம்பெனி வேனில் ஏறினாள். நான் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது கம்ப்யூட்டரா, கருவாட்டுக் கூடையா?" என்றார். போர்டும் ப்ராசஸரும் போயிருந்தன. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்தது. வீடியோ அதில் பத்திரமாக இருந்தது, யாருக்கும் தேவைப்படாத நேரத்தில்.

எட்டு மாதம் அவள் வேனில் போனாள். தினமும் விடியலில் அந்த ஹாரன் கேட்கும்போது நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக் கிடப்பேன். ஒன்பதாவது மாதம் அவளே புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். இப்போது பழவேற்காட்டில் அவளுக்கென்று ஒரு அறை, கை நிறைய ஆர்டர். அறைக்குள் நான் நுழைந்தால் நைனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி வரான், ஐஸ் எட்த்துக்கினு வந்துருக்கானானு பாரு" என்பார்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வீடியோ அக்கா செய்ததுதான். வீட்டில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வரும் இடத்தில், என் முகத்துக்கு முன்னால், கரையில் தனியாக நிற்கும் ஒரு ஐஸ் பெட்டியைப் பத்து விநாடி காட்டினாள். பின்னணியில் நாதஸ்வரம். நைனாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

கதை தெரியாத என் மனைவி, "ரொம்ப நல்லா இருக்கு அண்ணி. இது ரெடியாவ எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒம்பது மணி நேரம்மா. யாரும் கை வெக்கல."