சம்பந்தம் பேசப் போன ஸ்போர்ட்ஸ் கார்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
20-5-1972, சனிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி திரு. தவசிமுத்து அவர்கள் சமூகத்திற்கு, செல்வநாதன் பணிந்து எழுதிக்கொள்வது.

'சம்பந்தி' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன், தாங்களும் அப்படியே விட்டுவிடுமாறு வேண்டுகிறேன். இங்கு நானும் என் மனைவி இருதயம்மாளும் மகள் ரோசியும் ஆண்டவர் கிருபையால் நலம். தங்கள் நலமும், தங்கள் துணைவியார் ஞானம் அம்மாளின் நலமும், மாப்பிள்ளை மனோகரனின் நலமும் அறிய ஆவல். நலம் என்று எழுதியது கடித முறைக்காகத்தான். உண்மையில் வியாழக்கிழமையிலிருந்து ரோசி என்னோடு பேசுவதில்லை, இருதயம்மாள் பேசுவதை நிறுத்துவதில்லை.

நாளைக் காலைப் பூசையில் முதல் ஓலை வாசிக்க வேண்டாம் என்று தாங்கள் சொல்லி அனுப்பியதாகக் கோவில் உபதேசியார் நேற்று வந்து சொன்னார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றுதான் சுவாமியார் ஓலை வாசிப்பார். தடை சொல்ல ஊரில் யாராவது வேண்டாதவன் கிளம்புவது உண்டு. மாப்பிள்ளையின் தகப்பனாரே, அதுவும் வாசிப்பதற்கு முன்பே கிளம்பி நான் கேள்விப்பட்டதில்லை. தாங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன என்பதை வரிசையாகக் கேட்டுவிட்டுப் பிறகு கோபப்பட்டால் கோபம் இன்னும் சரியாக இருக்கும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

எல்லாம் தாங்கள் பெண் பார்க்க வந்த அன்றே தொடங்கிவிட்டது. காபி குடித்துவிட்டு வாசலுக்கு வந்தவர், என் ஹெரால்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பானெட்டை விரலால் தட்டி, "இது ஸ்டாண்டர்டா?" என்று கேட்டீர்கள். "ஆமாங்க" என்றேன். "ம்" என்றீர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த 'ம்' இருக்கிறதே, அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய கார் அது. வெறும் ஸ்டாண்டர்டு மாடல்தானா, அதற்கு மேல் இந்தக் குடும்பத்துக்கு வக்கில்லையா என்று தாங்கள் கேட்டதாகவே என் காதில் விழுந்தது. ரோசியை ஏளனமாகப் பார்க்கும் இடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கப்பல் இன்ஜினீயர் ஒருவர் எப்போதோ விட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருந்தது. அதில் இதே காரின் ஸ்போர்ட்ஸ் மாடல் படம். கூரை கிடையாது. பக்கவாட்டில் சிவப்புக் கோடு. உள்ளே ஒரு வெள்ளைக்காரர் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு எங்கேயோ தலைபோகிற அவசரத்தில் போய்க்கொண்டிருந்தார். நம் நாட்டில் புதுக் காருக்குப் பதிவு செய்தால் அது ரோசியின் மகள் கல்யாணத்துக்குத்தான் வந்து சேரும். ஆகவே இருக்கும் காரையே ஸ்போர்ட்ஸ் ஆக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். இராயபுரத்தில் உள்ள மெக்கானிக்குகள் எல்லோரும் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். கடைசியில் காசிமேட்டில் தேசப்பன் என்பவர் கிடைத்தார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் அதுவரை பார்த்ததெல்லாம் மீன்பிடி லாஞ்சு என்ஜின்கள்.

"இன்னா நைனா, வண்டி நல்லாத்தான கீது? இன்னா கொறச்சலு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தேசப்பா. ஸ்போர்ட்ஸா இல்லை."

படத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேல மூடி இல்ல. காத்து வாங்கினு ஜம்முனு போறான். அட, இது நம்ம லாஞ்சுதான் நைனா! இதுக்கா பேஜார் ஆவுற? வுடு, நான் பண்ணித் தரேன்."

பண்ணித் தந்தார். கூரையின் நட்டுகளைக் கழற்றி அப்படியே தூக்கி எடுத்துவிட்டார். ஆக்ஸிலரேட்டர் மிதியை எடுத்துவிட்டுக் கையால் தள்ளுகிற ஒரு கம்பியை வைத்தார், லாஞ்சில் அப்படித்தானாம். சிவப்புக் கோடு கேட்டேன், போட்டார். போட்டுவிட்டு, "பேரு இன்னா எழுதறது?" என்றார். காருக்கு எதற்குப் பெயர் என்றேன். "பேரில்லாத எப்புடி நைனா எறக்குறது?" என்று அவர் அதிர்ந்துபோய்க் கேட்டதில் நானும் குழம்பி மகள் பெயரைச் சொல்லிவிட்டேன். முகப்பில் 'தூய ரோசி' என்று எழுதிவிட்டார். கடைசியாக, உடைத்து விற்ற இழுவைப் படகு ஒன்றின் ஹார்னை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டி, அதற்கான காற்று சிலிண்டரைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்து, இழுப்பதற்கு ஒரு கயிற்றை முன்சீட்டின் முதுகில் குறுக்கே கட்டினார். இந்தக் கயிற்றைத் தாங்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் இருதயம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "குடும்பத்துக்குன்னு இருந்தது ஒரு வண்டி. அதுக்கும் மண்டைய எடுத்துட்டீங்களா?" என்றாள். தாங்கள் கேட்ட கேள்வியைச் சொல்லி, சம்பந்தி முன்னால் தலைநிமிர வேண்டாமா என்றேன். ரோசி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, அவரு கம்பெனி பேரக் கேட்டாருப்பா. இந்த வண்டிய செய்யற கம்பெனி பேரே ஸ்டாண்டர்டுதானே? அதத்தான் கேட்டாரு." உடனே தேசப்பனிடம் ஓடிக் கூரையைத் திருப்பிக் கேட்டேன். அது அவருடைய தாயார் பவுனம்மாள் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் ஏறியிருந்தது. கோழிகள் பழகிவிட்டனவாம், உடனே எடுத்தால் முட்டை வைக்காதாம்.

ஆகவே வியாழக்கிழமை நிச்சயத் தாம்பூலத்துக்கு அந்தக் கோலத்திலேயே கிளம்பினோம். வெயிலுக்காகக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டேன். பின்சீட்டில் இருதயம்மாள், ரோசி, நடுவில் என் மனைவியின் அக்காள் சிலுவையம்மாள். அவர் மடியில் மாப்பிள்ளைக்கான ரோஜா மாலை. தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் தட்டில் இருந்த வெற்றிலை முழுவதும் பின்னால் வந்த பஸ்ஸின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஞானம் அம்மாளுக்கு எடுத்த பட்டுப் புடவை பிரிந்து பறந்து, ஒரு மாட்டு வண்டிக்காரர் மேல் விழுந்து, அவர் மரியாதையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சிலுவையம்மாளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எர்ணாவூர் ரயில்வே கேட்டுக்கு முன்னால், மாப்பிள்ளை வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில், லாரி ஒன்று குறுக்கே வர, நான் பிரேக்கை மிதிக்க, அவர் "சேசுவே!" என்று எதிரே இருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிவிட்டார்.

அந்தச் சத்தத்தைத் தாங்களும் வீட்டிலிருந்து கேட்டிருப்பீர்கள். "அக்கா, கயித்த விடுங்க!" என்று நாங்கள் மூவரும் கத்தியது அவர் காதில் விழவேயில்லை. தொழிற்சாலைக்குள்ளே, "டேய், சங்கு ஊதிட்டான்டா! ஷிப்டு முட்சிகிச்சு!" என்று யாரோ கூவ, ஷிப்டு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அந்தத் தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்த காலமெல்லாம் சங்கு ஒரு நொடி முன்னே பின்னே ஊதவிடாதவர் தாங்கள். நிச்சயத்தன்றும் லீவு போடாமல் தங்கள் மகன் பொறுப்பில் இருந்த ஷிப்டில் இப்படி ஆனதற்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பேன்.

வந்தவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் கூரையில்லாத கார், அதில் கூலிங்கிளாஸ் போட்ட ஆள், பின்னால் மாலை. திறந்த காரில் மாலையோடு வருகிறவரை நம் ஊரில் வேறு யார் என்று நினைப்பார்கள்? "தலைவர் வந்துகீறாருடா!" என்று ஒரு குரல் எழும்பியது. வண்டி வேறு நின்றுவிட்டது. எழுந்து நின்று விளக்கம் சொல்லிவிடலாம் என்று, "ஐயா, நான் சம்பந்தம் பேச வந்திருக்கேன்" என்றேன்.

"எது சம்பந்தமா?" என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டார்.

"கேன்டீன் சம்பந்தமாத்தான்! வேற இன்னா கீது பேசறதுக்கு? அந்த சாம்பாரப் பத்திக் கேளு தலைவா!" என்று இன்னொருவர் சொன்னார்.

அதற்கு மேல் என் பேச்சு யார் காதிலும் விழவில்லை. சிலுவையம்மாள் மடியிலிருந்து மாலையைப் பிடுங்கி என் கழுத்தில் போட்டார்கள். யாரிடம் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள், தவசிமுத்து அவர்களிடம் என்று உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், வண்டியைத் தள்ளிக்கொண்டே தங்கள் வீட்டுக்கு ஊர்வலம். உள்ளதைச் சொல்கிறேன், பாதி வழியில் எனக்கு அது பிடித்தும் போயிற்று. கையை ஆட்டினேன். தாங்கள் பலகாரத் தட்டோடு வாசலில் நின்று, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். தங்கள் மகனுக்கான மாலை என் கழுத்தில் கிடந்தது. கூட்டத்தின் பின்னால் மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மறுநாள் அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

சம்பந்தி அவர்களே, இனி நான் சொல்வதை ஒரு தகப்பனாக இருந்து கேட்க வேண்டும். ரோசிக்கு மனோகரனைப் பிடித்திருக்கிறது. வாயால் சொல்லவில்லை, ஆனால் உபதேசியார் வந்து போனதிலிருந்து அவள் அடுப்படியில் ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். குற்றம் முழுவதும் என்னுடையது, என் ஜம்பத்தினுடையது. அதற்கு அவளைத் தண்டித்துவிடாதீர்கள். ஹார்னைக் கழற்றிக் கடலில் போட்டாயிற்று. கோழிகளுக்கு வேறு ஏற்பாடு செய்து கூரையைத் திருப்பித் தருவதாகப் பவுனம்மாள் வாக்குக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமைக்குள் வண்டி பழையபடி மூடியோடு, அடக்கமான குடும்ப வண்டி ஆகிவிடும். நான் இனி அதன் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்று மாதா படத்தின் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். தயவுசெய்து நாளை ஓலை வாசிக்கச் சம்மதியுங்கள்.

தங்களுக்கும் ஞானம் அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் தோத்திரம். மனோகரனுக்கு என் ஆசீர், அவர் வாங்கிக்கொள்வாரானால்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக விரும்பும்,
செ. செல்வநாதன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் திங்கட்கிழமை, மூடி, அடக்கம் ஆகிய மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை மடிக்கும்போது வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் தங்கள் மகனும் ஞானம் அம்மாளும் நிற்கிறார்கள். தங்களிடம் மாதவரத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தார்களாம். நேற்றிலிருந்து கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருக்கிறதாம், தலைவர் வந்துபோன பயத்தில் மெமோவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம், தலைவர் மறுபடி எப்போது வருவார் என்று ஷிப்டு முழுவதும் கேட்கிறதாம். மாப்பிள்ளை வண்டியைத் தடவிப் பார்த்து, "மாமா, கூரையப் போட்டுடாதீங்க" என்றார். தேசப்பனை வரவழைத்து சைலன்சரையும் இப்போதுதான் கழற்றச் செய்தார். ஞானம் அம்மாள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, இறங்க மறுக்கிறார். நான் சத்தியம் செய்துவிட்டதால் ஸ்டீயரிங்கில் ரோசி உட்கார்ந்திருக்கிறாள். அவள் எப்போது ஓட்டக் கற்றுக்கொண்டாள் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாதாம்.

இந்தக் கடிதத்தை அவளே தங்கள் கையில் கொடுப்பாள். இந்த வரிக்கு வந்ததும் கடிதத்திலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்து பாருங்கள். எதிரே பயந்துகொண்டு நிற்பவள்தான் என் மகள். "உள்ள வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும், மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது.