மச்சினி கடைக்கு வந்த யோசனை வள்ளல்

யோசனை வள்ளல் என்றொரு இனம் இருக்கிறது. கையால் எதையாவது செய்து இணையத்தில் கடை போட்டுப் பாருங்கள். பொருள் வாங்க ஆள் வருவதற்குள் இவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கடையில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். ஏன் விற்கவில்லை என்பதுதான் அவருக்கு வரும்போதே தெரியுமே. காப்பி மட்டும் கேட்பார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "நான் மட்டும் உன் இடத்துல இருந்தா" என்று ஆரம்பிப்பார். தம் இடத்தில் இருந்துகொண்டு ஒரு குண்டூசிகூட விற்றதில்லை. போன வருஷம் தம் பழைய ஸ்கூட்டரை விற்கப் போய், மூன்று மாதம் பேரம் பேசி, கடைசியில் வாங்க வந்தவரிடமே இன்னொரு பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு திரும்பியவர். ஆனால் 'மார்க்கெட்டிங்' என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கூடப் பிறந்த தம்பியைக் கூப்பிடுவது போல இருக்கும்.

எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறாள். துணியில் நூலால் பறவைகளைத் தைத்து, மரவளையத்தில் பொருத்தி விற்பவள். ஒரு மீன்கொத்திக்கு நாலு நாள் ஆகும். பார்த்தால், பறந்துவிடுமோ என்று நமக்கு ஜன்னலைச் சாத்தத் தோன்றும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முத்திரை குத்தும் வேலைக்கு ஆறு மாதம் சம்பளமில்லா லீவு போட்டிருந்தாள். அதற்குள் கடை ஓட ஆரம்பித்தால் வேலையை விட்டுவிடலாம். ஓடாவிட்டால் மறுபடியும் ஆபீஸ். அந்த ஆறு மாதத்தில்தான் அவளுடைய அக்கா புருஷன் வள்ளலாக அவதரித்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே கடையின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கறேம்மா, நீ தைக்கிற வேலைய மட்டும் பாரு." எங்கே தைப்பது? திங்கட்கிழமை கடைக்குப் புதுப் பெயர், புதன்கிழமை அந்தப் பெயர் எடுபடாது என்று இன்னொரு பெயர், வெள்ளிக்கிழமை எல்லாப் பறவைகளையும் வெள்ளை மேசையில் கிடத்திப் படம், மறுவாரம் வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று கறுப்புத் துணியில் படம், அதற்கும் மறுவாரம் வாங்குகிறவர் மனம் உருகுவதற்காக அவள் சின்ன வயதில் பட்ட கஷ்டங்கள் என்று ஒரு முழுப் பக்கம். தான் ஒரு கஷ்டமும் பட்டதில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அதாம்மா உன்கிட்ட குறை" என்றார்.

படங்களைத் தம் போனில் போட்டு வழவழவென்று ஆக்கினார். நூல் பிசிறு போயிற்று. முன்னே பின்னே விழுந்த தையலெல்லாம் நேராயிற்று. உடனே மூன்று பேர் கடைக்கு வந்து, இது பிரிண்ட் போட்டதா என்று கேட்டார்கள்.

"பதில் போடாத. கெஞ்சுற மாதிரி ஆயிடும். ஒரு வாரம் காயவிடு."

காய்ந்தார்கள். காய்ந்து, வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

ஐந்தாம் மாதம் அவளுக்கே ஒன்று தோன்றியது. மீன்கொத்தியைக் கவிழ்த்து, பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாள்: முடிச்சுகள், குறுக்கே ஓடிய நூல்கள், ஓரிடத்தில் நீலம் தீர்ந்துபோய் வேறொரு நீலத்தைக் கோத்த தடம். மனுஷக் கை செய்தது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சாயங்காலத்துக்குள் இரண்டு ஆர்டர். ஓடிவந்து என்னிடம் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் வள்ளல் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, துணிக்கடைக்காரன் சட்டையத் திருப்பிப் போட்டா காட்டுவான்? மானம் போகுது."

"அதப் பாத்துத்தான் மாமா வாங்கினாங்க."

"அது நான் போன மாசம் செஞ்சு வச்ச வேலை. இப்பத்தான் பலன் தெரியுது. உனக்கு இதெல்லாம் புரியாது."

"அந்த ஒரு படத்த மட்டும் விட்டுடுங்களேன்."

"அழிச்சாச்சும்மா."

அவள் மறுபடியும் போட்டுவிடக் கூடாதே என்று பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். எல்லாம் அவளுடைய நன்மைக்குத்தான். அக்காவிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னாள். "உனக்காக ராப்பகலா பாடுபடறாரு, அவரப் போயி குறை சொல்றியே" என்று அக்கா அழுதாள். அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது?

போன திங்கட்கிழமை அவள் ஆபீசுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு டப்பாவோடு படியிறங்கியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளலோ போகிற வருகிறவரிடமெல்லாம் வருத்தப்படுகிறார்: "நான் சொன்னதுல பாதியத்தான் கேட்டா. முழுசா கேட்டிருந்தா எங்கயோ போயிருப்பா."

நீங்களும் அவரைத் திட்டிக்கொண்டுதான் படித்தீர்கள், தெரிகிறது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நடுவில் எங்கேயோ, பறவைக்குப் பதில் பூ தைத்திருக்கலாம், விலையைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம், பேசாமல் வேறொரு கடை திறந்திருக்கலாமே என்று அவளுக்குச் சொல்ல உங்களுக்கும் ஒரு யோசனை வந்ததா, இல்லையா? வந்திருக்கும். எனக்கே ஏழு வந்தது. மாடியில் இன்னும் பதினோரு பறவைகள் இருக்கின்றன. ஒன்று என்ன விலை என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.